மறைப்பது பாசமல்ல!
எங்கள் தாமானில் ஓர் ஆண்ட்டியின் கை முறிந்திருந்தது. “குளியலறையில் வழுக்கி விழுந்தேன்,” என்றார். அடித்தது 16 வயது மகன்! போலீசில் புகார் செய்தால் பிள்ளைக்குச் சிறைதான் என்ற பயம். பெற்ற மனம் பித்தல்லவா?

நண்பர்களே, சட்டத்தில் சிறை மட்டுமா இருக்கிறது? குடும்ப வன்முறைச் சட்டம் 1994, தாய்க்குப் பாதுகாப்பு ஆணை தருகிறது. சிறார் சட்டம் 2001-இன் 46ஆம் பிரிவின்கீழ், கட்டுக்கடங்காத பிள்ளைக்காகப் பெற்றோரே சிறார் நீதிமன்றத்தை நாடலாம். நன்னடத்தை அதிகாரி விசாரிப்பார். பிறகே கண்காணிப்பா, விடுதியா என்று முடிவாகும்.

இதிலும் எனக்கொரு நெருடல். குற்றம் சாட்டப்படாத பிள்ளையும் விடுதிக்கு அனுப்பப்படலாம். ஆகவே ஆலோசனையும் கண்காணிப்பும் முதலில், விடுதி கடைசியில். ஆனால், தாய் வாய் திறந்தால்தானே எதுவும் தொடங்கும்? அடியை மறைப்பது அடுத்த அடிக்கு அனுமதி. பக்கத்து வீட்டு நாமாவது தாலியான் காசே 15999-ஐச் சொல்லிக் கொடுப்போம்!