வெள்ளித்தாள் ஒட்டினால் மட்டும் சத்தம் நிற்காது

பிக்கப்பின் உட்புறத்தைக் கழற்றி, தரை, கதவு, கூரை, பின்சுவர் என்று ஓர் அங்குலம் விடாமல் வெள்ளித்தாள் ஒட்டிப் படம் எடுப்பது இப்போது ஒரு மோஸ்தர். படத்தைப் பார்ப்பவர்கள் "எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்கிறார்கள். "எந்தச் சத்தம் நிண்டது?" என்று கேட்பவர் குறைவு. இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாததால்தான் சதுர அடிக் கணக்கில் மினுக்கம் விற்கிறது, ஓட்டுகிறவரின் காது பழையபடி இரைகிறது.

முதலில் ஒரு வாயை அடைக்க வேண்டும். "வேலை வாகனத்துக்கு உதெல்லாம் என்னத்துக்கு?" என்கிற வாய். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் இருபது வயது தாண்டிய ஹைலக்ஸும் எல்200உம் கிழடாகவில்லை, சொத்தாகின. இன்றைய விலையில் புதிசு வாங்க ஏலாதவர்கள் அதே வாகனத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போய் வருகிறார்கள். டீசல் எஞ்சினுக்கும் வெறும் தகட்டுக்கும் நடுவே ஆறு ஏழு மணித்தியாலம் இருப்பவர் அவர்தான். தொழிலிடங்களில் 85 டெசிபல் சத்தத்தை 8 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாக வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில்நலன் ஆய்வு நிறுவனமான நையோஷ் சொல்கிறது. அதாவது 88 டெசிபலில் 4 மணித்தியாலம், 91இல் 2. இதில் எஞ்சினின் இரைச்சல் மட்டும் கணக்கில்லை. அதை அமுக்குவதற்காக முறுக்கிவிடும் பாட்டும் அதே காதுக்குள்தான் போகிறது. ஆகவே சத்தம் குறைப்பது சொகுசு என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. சப்வூஃபர் பூட்டுகிறவருக்குக் கிடைக்கும் அமைதி, வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

சரி, என்ன வாங்குவது? கடைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: "சவுண்ட் புரூஃப் சீற்". குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. நான்கு வேறு பொருட்கள் இருக்கின்றன. நான்குக்கும் நான்கு வேறு வேலை.

முதலாவது, அந்த வெள்ளித்தாள். அடியில் ஒட்டும் தன்மையுள்ள பியூட்டைல் இறப்பர், மேலே அலுமினியப் படலம். தகடு அதிரும்போது வளைகிறது. அலுமினியம் இலகுவில் நீளாது. நடுவில் அகப்பட்ட இறப்பர் அங்கும் இங்கும் இழுபட்டு அதிர்வைச் சூடாக்கிக் கரைத்துவிடுகிறது. வேலை அவ்வளவுதான். அது தகட்டின் "டண்" ஓசையை நிறுத்தும். வெளியிலிருந்து காற்றுவழி வருகிற சத்தத்தைப் பெரிதாக மறிக்காது. இரண்டாவது, மறிப்பதற்கான பொருள்: நிறை ஏற்றிய வினைல். சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோ, தடிப்பு சுமார் 3 மில்லிமீற்றர். மூன்றாவது, மூடிய துளை நுரை. காற்றுக் குமிழ்கள் தனித்தனியே அடைபட்டிருப்பதால் தண்ணீர் குடிக்காது. வினைலைத் தகட்டில் முட்டாமல் தூக்கிப் பிடிப்பதும் பிளாஸ்ரிக் கிறீச்சிடாமல் பார்ப்பதும் அதன் வேலை. நான்காவது, பஞ்சு அல்லது ஃபெல்ற் வகை. கபினுக்குள் எதிரொலிக்கும் நடுத்தர, உயர் சத்தங்களை உறிஞ்சும்.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் வாங்கி மற்ற மூன்றின் வேலையையும் அதனிடம் கேட்பதுதான் எங்கள் ஆட்கள் விடும் முதல் பிழை. அந்த ஒன்றையும் மூன்று நான்கு மடங்கு வாங்குவது இரண்டாவது பிழை.

அதிர்வைக் கொல்ல முழுத் தகட்டையும் மூடத் தேவையில்லை. தட்டையான தகட்டின் நடுப்பகுதியில், பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு ஒட்டினாலே பலனில் பெரும்பங்கு வந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு டபிள் கப்பின் தரை, கூரை, பின்சுவர், நான்கு கதவு எல்லாம் சேர்த்துக் குத்துமதிப்பாக 8 முதல் 10 சதுர மீற்றர் வரும். 2 மில்லிமீற்றர் தாள் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோ. முழுக்க ஒட்டினால் முப்பது கிலோவுக்குக் கிட்ட. நாலில் ஒன்று என்றால் ஏழு எட்டுக் கிலோவுடன் முடிந்துவிடும். மிச்சக் காசில் மற்ற மூன்றையும் பற்றி யோசிக்கலாம். இதை எந்த விற்பனையாளர் சொல்லுவார்? அவருக்குச் சதுர அடிதானே வியாபாரம். நம்பாவிட்டால் கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். நடுவில் உள்ளங்கை இரண்டு அளவு துண்டு ஒட்டி, உருளையால் அழுத்திவிட்டு மறுபடி தட்டுங்கள். "டண்" போய் "தட்" வந்தால் அந்தத் தகட்டில் வேலை முடிந்தது. அதற்குமேல் ஒட்டுவது அனேகமாகப் படத்துக்குத்தான்.

மறுபக்கத்தில் மலிவு வைத்தியர்கள். "உது வெளிநாட்டுக்காரன் ஏமாத்து, ஹாட்வெயாரில கூரைக்கு ஒட்டுற தார் சீற் வாங்கு, அதே சாமான்தான்" என்பார்கள். அதே சாமான் இல்லை. கூரைத் தார் சீற் மழைநீரை மறிக்கச் செய்யப்பட்டது. வெயிலில் நிற்கும் வாகனத்தின் கூரைத்தகடு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அந்தச் சூட்டில் தார் இளகும், மணக்கும், தலைகீழாகத் தொங்கும் கூரையிலிருந்தும் செங்குத்தான கதவிலிருந்தும் வழுகும். கண்ணாடி இறங்கும் பொறிக்குள் தார் ஒழுகினால் மிச்சம் பிடித்த காசு கராஜுக்குப் போகும். வாகனக் கம்பனிகளும் தரையில் தார் கலந்த தகடு போடுகின்றனவே என்று கேட்கலாம். போடுகின்றன, ஆனால் அது அந்த வேலைக்கென்றே கலந்து, தொழிற்சாலைச் சூளையில் தகட்டோடு உருக்கிப் பிடித்தது. ஹாட்வெயார்ச் சுருள் அதற்குச் சொந்தமில்லை.

பழைய ரியூப் வெட்டி ஒட்டுவதும் இதே கதைதான். ரியூப்பும் பியூட்டைல்தான், உண்மை. ஆனால் அது அவித்து இறுக்கிய இறப்பர். தானாகத் தகட்டைப் பிடிக்காது, மேலே இழுத்துப் பிடிக்கப் படலமும் இல்லை. முட்டைத் தட்டு, ரெஜிபோம், மெத்தை ஸ்பொஞ் பற்றிப் பேசுவதென்றால் ஒரு சின்னக் கணக்கு போதும். 100 ஹேர்ட்ஸ் சத்தத்தின் அலை ஏறத்தாழ 3.4 மீற்றர் நீளம். ரயரும் எஞ்சினும் எழுப்பும் அந்தக் கனத்த "ஊ"வை ஒரு அங்குல ஸ்பொஞ் உறிஞ்சாது. போதாததற்கு ஸ்பொஞ் தண்ணீரும் குடிக்கும், தீயும் பிடிக்கும். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி வாகன உட்பொருள் எரியும் வேகம் நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. மெத்தைக் கடை ஸ்பொஞ்சை அப்படி ஒருவரும் சோதித்து விற்பதில்லை. வாங்குமுன் சின்னத் துண்டொன்றை வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

"வெள்ளித்தாள் ஒட்டினா சூடும் குறையும்" என்பது இன்னொரு விற்பனை வசனம். மினுங்கும் பரப்பு வெப்பக் கதிரைத் திருப்ப வேண்டுமானால் அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும். கார்பெட்டுக்கு அடியில் நசிந்து கிடக்கும் அலுமினியம் எதைத் திருப்பும்? சூடு குறைக்க நினைத்தால் கூரையிலும் தரையிலும் மூடிய துளை நுரை போடுங்கள். அதுதான் உதவும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தச் சத்தம் என்று கண்டுபிடிப்பது. அதற்குக் காசு தேவையில்லை. ஆளில்லாத நேரான றோட்டில், எஞ்சினை நிறுத்தாமல், சில செக்கன் கிளச்சை மிதியுங்கள். இரைச்சல் விழுந்தால் எஞ்சின் அல்லது சைலன்சர். விழாவிட்டால் ரயரும் காற்றும். கதவு இடுக்குகளை வெளியிலிருந்து மாஸ்க்கிங் ரேப்பால் மூடி ஒருக்கா ஓடுங்கள். சீழ்க்கை நின்றால் குற்றவாளி பீடிங் இறப்பர். கதவில் ஒரு கடதாசித் துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள். லேசாக உருவி வந்தால் அந்த இடத்தில் இறப்பர் செத்துவிட்டது. சேற்று ரயரின் உறுமலும் ஓட்டை விழுந்த சைலன்சரும் எந்தத் தாளுக்கும் அடங்காது. அவற்றை அந்தந்த இடத்தில்தான் திருத்த வேண்டும்.

துளைகளை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம்? ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. எஞ்சினுக்கும் கபினுக்கும் இடையிலான தகட்டில் வயர் போகும் துளையின் இறப்பர் மூடி கழன்றிருக்கும். இவர் கூரைக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருப்பார். வாசலைத் திறந்து விட்டு மதிலை உயர்த்துகிற வேலை.

ஆகவே காசு போக வேண்டிய ஒழுங்கு இது. முதலில் பீடிங், துளை மூடிகள், சைலன்சர். அடுத்தது பின்சுவர். பிக்கப்பில் தட்டிக்கும் கபினுக்கும் நடுவே நிற்கும் அகன்ற தகடு மேளம் மாதிரி அடிக்கும்; பியூட்டைலுக்கு முதலிடம் அங்கேதான். பிறகு கூரையின் நடு, கதவுகளின் வெளித்தகடு, கால் வைக்கும் தரை. மழையில் கூரை தகரக் கொட்டகை மாதிரி இரைவதும் இதோடு அடங்கும். அதன் பிறகும் கையில் மிச்சம் இருந்தால் தரைக்கும் எஞ்சின் பக்கத் தகட்டுக்கும் நுரை, அதன்மேல் இடைவெளி விடாமல் வினைல். கடைசியாக உட்பலகைகளுக்குப் பின்னால் பஞ்சு.

ஒட்டமுதல் துருவைப் பாருங்கள். தகட்டைச் சுரண்டி, எண்ணெய் போகத் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். துருவின்மேல் தாள் ஒட்டினால் அது உள்ளே இருந்து தின்னும், வெளியில் தெரியும்போது தரை ஓட்டையாகியிருக்கும். கதவடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். மாரியில் வன்னிச் சேற்றில் ஓடும் வாகனத்தின் தரையில் சணல் ஃபெல்ற் போடாதீர்கள். அது தை மாதம் மட்டும் காயாது.

"கூட ஒட்டினால் கெடுதலா?" என்று சிலர் கேட்பார்கள். வாகனம் பெரிதாகக் கெடாது. காசு இருப்பவர் ஒட்டட்டும். நாங்கள் பேசுவது அரைச் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போகும் பொடியனைப் பற்றி. முழு வெள்ளி ஒட்டக் காசு காணாது என்று தார் சீற்றோடு திரும்பி வருகிறவன் அவன். முழுசா, இல்லாட்டி ஒண்டுமில்லை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நாலில் ஒரு பங்கு தாளும் இரண்டு கதவுக்குப் புது பீடிங்கும் அவன் காசுக்குள் அடங்கும்.

செய்து முடித்ததும் கைபேசியில் சத்தம் அளக்கும் செயலியைப் போட்டு, முன்பு அளந்த அதே றோட்டில், அதே வேகத்தில், கைபேசியை அதே இடத்தில் வைத்து அளவுங்கள். அந்தச் செயலியின் எண் துல்லியமாக இராது, ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். இனி ஆராவது வெள்ளிக் கபின் படம் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் கேளுங்கள். எத்தனை சதுர அடி என்ற கணக்கைக் கடைக்காரர் வைத்திருக்கட்டும்.