கட்டுப் பிரிக்கும் நேரத்து வலி



என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் திங்கள், புதன், வெள்ளியில் தாமதமாக வருவான். தாத்தாவோடு டவுன் கிளினிக்குக்குப் போய் வருகிறான். தாத்தாவுக்கு இனிப்பு நீர், பாதத்தில் புண். திடீரென்று இரண்டு வாரமாக மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"தாத்தாவுக்குப் புண் ஆறிடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். கட்டுப் பிரிக்கும்போது உயிர் போகுதாம். இனிமே போகமாட்டாராம். அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

அன்று மாலையே லயத்துக்குப் போனேன். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய மனிதர். மருமகளிடம் "புண் காய்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்றம் வாசல்வரை வந்தது.

"வலிக்குதுன்னு தாதிகிட்ட சொன்னீங்களா ஐயா?"

"ஆம்பள எப்படிச் சொல்றது வாத்தியாரே?"

இந்த வெட்கம் நம்மிடையே நிறைய. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்தது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். ஆகவே கேளுங்கள்.

வலித்தால் கட்டுப் பிரிக்கும் முன்பே தாதியிடம் சொல்லுங்கள். வலி மாத்திரை கொடுத்திருந்தால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே, அதாவது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக, சொன்ன அளவில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டு பிரித்த பிறகு போட்டுப் பயன் என்ன? மருந்துக்கடையில் புரூபன், வோல்டரன் என்று நீங்களாக வாங்கவேண்டாம். இனிப்பு நீர்க்காரரின் சிறுநீரகத்தை அவை கெடுக்கலாம்.

துணி புண்ணில் ஒட்டியிருந்தால் பிடித்து இழுப்பதுதான் பெரிய வேதனை. மருந்து உப்புநீர் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டால் மெல்லக் கழன்று வரும். புண்ணில் ஒட்டாத கட்டுத்துணியும் உண்டு, கேட்டுப் பாருங்கள். செத்த தசையை வெட்டி எடுக்கும்போது மரத்துப்போகும் மருந்து போட முடியுமா என்றும் கேட்கலாம். தாங்கவில்லையென்றால் கையை உயர்த்துங்கள், சற்று நிறுத்துவார்கள். எத்தனை கூட்டம் காத்திருந்தாலும் கேளுங்கள்.

வீட்டில் மஞ்சள், பற்பசை, வெந்நீர் எதுவும் வேண்டாம். நரம்பு செத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். அதனால்தான் சிலருக்குப் புண் பெரிதாக இருந்தும் வலியே இருக்காது. வலி இல்லாததை ஆறிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்.

வலி புதிதாகக் கூடினாலோ, சிவந்து வீங்கினாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போகவேண்டும். படுத்தால் கால் வலித்து, தொங்கவிட்டால் குறைகிறதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காலுக்கு இரத்தம் சரியாகப் போகாததன் அடையாளமாக இருக்கலாம்.

அந்தப் பெரியவரை மறுநாள் காலையில் மருமகளும் நானும் அழைத்துப்போனோம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு வாரமும் போயிருந்தால் விரல் நின்றிருக்குமோ என்று மருமகள் இன்னும் அழுகிறார்.

கால் இருக்கிறது. கிளம்புமுன் மாத்திரை போட்டுக்கொள்கிறார். "கொஞ்சம் ஊறட்டும்மா" என்று தாதியிடம் அவரே சொல்கிறாராம். பையன் மறுபடி தாமதமாக வருகிறான். வருகைப் பதிவேட்டில் நான் அதைக் குறிப்பதில்லை.