முழங்கால் தேய்வது முதுமையால் மட்டுமா?

கொல்கத்தாவின் படாபஜாரில் லாரி நுழைய முடியாத சந்துகள் ஏராளம். மசாலா, துணி, காகிதம், இரும்புச் சாமான் அனைத்தும் அங்கே மனிதத் தலைகளின் மீதே பயணம் செய்கின்றன. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த சுமைப்பணித் தொழிலாளர்கள் பாரத்துடன் குனிந்து நிமிர்ந்து படியேறுகின்றனர். அதே காலைப் பொழுதில் கானிங் லோக்கல் ரயில் தெற்கு 24 பர்கனா கிராமங்களின் பெண்களை நகருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. பாலிகஞ்சிலும் ஜாதவ்பூரிலும் வீடு வீடாகக் குத்துக்காலிட்டுத் தரை துடைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அவர்களது வேலை.

இவர்களில் ஒருவர் முழங்கால் வலியென்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வயதாகிவிட்டது, எடையைக் குறையுங்கள்." வேலை வாங்குபவருக்கு இதைவிட வசதியான பதில் வேறில்லை. குற்றவாளி முதுமை, இல்லையேல் நோயாளியே. மூட்டையின் எடையும் வேலை நேரமும் கூலியும் விசாரணைக்கே வருவதில்லை.

ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் எனப்படும் மூட்டுத் தேய்மானம் உலகெங்கும் பெருகி வருகிறது. 2023இல் 'லான்செட் ருமட்டாலஜி' இதழ் வெளியிட்ட உலகளாவிய ஆய்வின்படி, 1990இல் சுமார் 25.6 கோடிப் பேருக்கு இருந்த இந்நோய் 2020இல் 59.5 கோடிப் பேரிடம் காணப்பட்டது. 30 ஆண்டுகளில் இருமடங்கையும் தாண்டிய உயர்வு இது. 2050இல் எண்ணிக்கை 100 கோடியை நெருங்கும் என்று அந்த ஆய்வு கணிக்கிறது. பாதிக்கப்பட்டோரில் பத்தில் ஆறு பேர் பெண்கள். இந்தியாவில் 1990இல் சுமார் 2.34 கோடியாக இருந்த எண்ணிக்கை 2019இல் 6.23 கோடியைத் தாண்டியது.

மக்கள்தொகை பெருகியதும் ஆயுள் நீண்டதும் இந்த உயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. உடல் பருமனும் ஒரு காரணமே. ஆனால் நோய்ச் சுமையில் அதன் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்றே அதே ஆய்வு கூறுகிறது. ஆயுள் நீண்டது மனிதகுலத்தின் வெற்றி. அந்த நீண்ட ஆயுளை யார் நடந்து கழிப்பது, யார் திண்ணையில் முடங்கிக் கழிப்பது என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் செய்த வேலையும் தீர்மானிக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நின்றுகொண்டே உழைத்த ஆலைத் தொழிலாளர்களின் முழங்கால்களும் முதுகெலும்பும் வளைந்து சிதைந்ததை ஏங்கெல்ஸ் 1845இலேயே இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலில் பதிவு செய்தார். 1952இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் லங்காஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை அலுவலக ஊழியர்களுடன் எக்ஸ்ரே மூலம் ஒப்பிட்டு, சுரங்கத்தில் மண்டியிட்டவர்களின் முழங்கால் அதிகம் தேய்ந்திருப்பதைக் காட்டினர். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரவாசிகளிடம் நடந்த நீண்டகால ஆய்வு, முழங்காலை மடக்கிப் பளு தூக்கும் வேலை செய்த ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று 1991இல் கண்டறிந்தது.

அறிவியல் சொன்னதைச் சட்டம் ஏற்க வைத்தது தொழிலாளர் அழுத்தம். பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் விடாது எழுப்பிய கோரிக்கையின் பலனாக 2009இல் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்மானம் இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோயாக அங்கீகரிக்கப்பட்டது. 2012இல் தரைவிரிப்பு பதிக்கும் தொழிலாளர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். ஜெர்மனியும் 2009இல் இதைத் தன் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம் மண்டியிட்டோ அதற்கு ஈடான முறையிலோ முழங்காலுக்குச் சுமை தந்து உழைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். அளவுகோல் கடுமையானதே. ஆயினும் மணிக்கணக்கு பார்க்கும் அளவுக்கு உழைப்புக்கும் தேய்மானத்துக்கும் உள்ள உறவை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்தியாவில் என்ன நிலை? 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் முழங்கால் தேய்மானம் இருந்ததில்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு வேண்டுமானால், குறிப்பிட்ட ஒரு விபத்தில் ஏற்பட்ட காயமே அதற்கு நேரடிக் காரணம் என்று காட்ட வேண்டும். இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. குருத்தெலும்பு ஒரே நாளில் தேய்வதில்லை. இருபது, முப்பது ஆண்டுகளில், ஒவ்வொரு மூட்டையாக, ஒவ்வொரு படியாகத் தேய்கிறது. கால் உடைந்தால் வழக்கு உண்டு. கால் தேய்ந்தால் வழக்கே இல்லை. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய பாஜக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த அநீதியைத் திருத்தவில்லை.

சுமைக்காவது வரம்பு உண்டா? வயது வந்த ஆண் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதனுடன் நிறைவேறிய 127ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. வீட்டுப் பணியாளர் உரிமைக்கான 2011ஆம் ஆண்டின் 189ஆம் உடன்படிக்கையையும் ஏற்கவில்லை. படாபஜாரின் ஆணுக்கும் கானிங் ரயிலின் பெண்ணுக்கும் டெல்லி தரும் பதில் ஒரே மௌனம்தான்.

காரணத்தைத் தொடாத அரசு, விளைவைச் சந்தைக்குத் திறந்துவிட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு விதிக்கப்பட்டபோது, சராசரியாக ரூ.1.58 லட்சத்துக்கு விற்ற சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டின் உச்ச விலை ரூ.54,720 ஆனது. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய், வலியின் மீது வசூலிக்கப்பட்ட கப்பம் என்பது அன்று அம்பலமானது. வரம்பு வந்தது மூட்டுக்குத்தான். அறைக்கும் அறுவைக்கும் தனியார் மருத்துவமனை போடும் கட்டணத்துக்கு அல்ல. இன்றும் மேற்கு வங்க நோயாளிகள் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்கும் வேலூருக்கும் வருவதைத் தமிழ்நாட்டுத் தோழர்கள் அறிவர். வேலூர் வீதிகளில் வங்கமொழிப் பெயர்ப்பலகைகளை மாட்ட வைத்தது அந்த நெடும்பயணமே. அந்தப் பயணத்துக்கும் கையில் பணம் வேண்டும். இல்லாதவர் வலி மாத்திரையோடு மறுநாளும் மூட்டை தூக்குகிறார். தூக்க முடியாத நாளில் அவருக்கு ஒன்றிய அரசு வைத்திருப்பது, 60 முதல் 79 வயது வரையிலான வறியோருக்கு மாதம் ரூ.200 என்ற முதியோர் ஓய்வூதியப் பங்கு.

கருவியை மாற்றினால் மட்டும் போதாது, வாழ்வையும் மாற்ற வேண்டும் என்பதற்குக் கை ரிக்‌ஷாவே சான்று. தமிழ்நாட்டில் 1973இல் அது ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா வழங்கப்பட்டது. கொல்கத்தாவில் 2006இல் இடது முன்னணி அரசு அதை ஒழிக்க முனைந்தபோது எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் அதை இழுத்தவர்களும் இருந்தனர். இழிவை அவர்கள் விரும்பவில்லை. நாளைய சோற்றுக்கு உறுதி கேட்டனர். உழைப்பின் கொடுமையை நீக்கும் கோரிக்கை பிழைப்பின் உத்தரவாதத்தோடு சேர்ந்தே எழ வேண்டும் என்பதே அதன் பாடம்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்தைச் சுமைப்பணி, சுரங்கம், கட்டுமானம், வீட்டுப்பணி ஆகியவற்றின் தொழில்சார் நோயாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 'ஒரே விபத்து' என்ற நிபந்தனையை நீக்க வேண்டும். மூட்டையின் எடைக்கு நாடு முழுவதும் 50 கிலோ உச்சவரம்பு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் இயன்முறை சிகிச்சையாளர் வேண்டும். மாற்று அறுவை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். உழைக்க முடியாதவருக்கு வாழத்தக்க ஓய்வூதியம் வேண்டும்.

தொழிற்சங்கக் கிளைகள் இன்றே ஒரு வேலையைத் தொடங்கலாம். சுமைப்பணி, கட்டுமான, வீட்டுப்பணிச் சங்க உறுப்பினர்களிடம் எத்தனை ஆண்டு வேலை, என்ன பாரம், எந்த மூட்டில் வலி என்று கேட்டு எழுதலாம். லங்காஷயர் ஆய்வுக்கும் பிரிட்டன் சட்டத்துக்கும் இடையே 57 ஆண்டுகள் ஓடின. இந்தியத் தொழிலாளி இன்னொரு 57 ஆண்டுகள் நொண்டி நடக்க வேண்டியதில்லை.