பெரிய டர்போ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது

பலேர்மோவில் சீசா அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நம் பிள்ளைகள் பலர் பழைய டீசல் கார் வைத்திருக்கிறார்கள். இரட்டை டர்போ கார் என்றால் அவர்களிடம் ஒரே பேச்சுத்தான்: "ரெண்டையும் கழட்டிப்போட்டுப் பெரிசா ஒண்டைப் போடு, கார் பறக்கும்." மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த காசு இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கரைகிறது. அதனால் அதைப் பிரித்துப் பார்ப்போம்.

'பெரிய டர்போ போட்டால் சக்தி கூடும்' என்பது முதல் வாதம். டீசல் எஞ்சினில் சக்தி தருவது எரியும் டீசல். காற்று அது முழுதாக எரிய உதவுகிறது. இன்ஜெக்டர் விடும் டீசலின் அளவு கூடாமல் காற்றை மட்டும் கூட்டினால் குதிரைத்திறன் பெரிதாக ஏறாது.

'உள்ளே இருக்கும் இரண்டும் சின்னவை' என்பது அடுத்தது. 2008இல் வந்த லான்சியா டெல்டாவின் 1.9 லிட்டர் ட்வின்டர்போ மல்டிஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று சிறியது, மற்றது பெரியது. குறைந்த சுற்றில் சிறியது வேலை செய்யும். சுற்று ஏற ஏறப் பெரியது பொறுப்பேற்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 400 நியூட்டன் மீட்டர் இழுவையும், 4,000 சுற்றில் 190 குதிரைத்திறனும் ஒரே எஞ்சினில் கிடைப்பது இந்தக் கூட்டணியால்தான்.

'பிக்கப் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதானே' என்பார்கள். டர்போவின் சக்கரம் அதே வடிவில் 20 சதவீதம் அகலமானால், அதைச் சுழலவைக்கும் சிரமம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. புனித ரொசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெகிரினோ மலைக்குக் குடும்பத்தோடு ஏறும்போது கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவு முடிந்து 1,500 சுற்றில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். சின்ன டர்போ உடனே பிடித்துக்கொள்ளும். பெரியது மட்டும் இருந்தால், அது விழிக்கும்வரை ஏற்றத்தில் கார் முக்கி நிற்கும்.

'ட்யூனிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஆறுதலும் நிலைக்காது. காற்று வந்து சேருமுன் டீசலைக் கூட்டினால் கரும்புகை கக்கும், புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். உயர் சுற்றில் வெப்பம் ஏறி டர்பைனையும் பிஸ்டனையும் தின்னும். கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய இழுவைக்குச் செய்தவை.

'யார் பார்க்கப்போகிறார்கள்?' என்பது கடைசி வாதம். இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றினால் அரசு வாகனத் துறை பரிசோதித்து வண்டியின் பதிவு ஆவணமான லிப்ரெத்தோவில் பதிய வேண்டும். பதியாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதிக்காரரோடும் மல்லுக்கட்ட வேண்டிவரலாம்.

பந்தயத்துக்கென இன்ஜெக்டர், பிஸ்டன், கிளட்ச் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, மூடிய தடத்தில் ஓட்டுபவருக்குப் பெரிய டர்போ பொருந்தும். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் காருக்கு அது வேண்டாம்.

என் காரின் பிக்கப் செத்தபோது எல்லாரும் டர்போவைத்தான் குறை சொன்னார்கள். டர்போவின் காற்றைக் கொண்டுபோகும் இன்டர்கூலர் ஹோஸைத் தடவிப் பார்த்தேன். கிளிப்புக்கு அருகே, அடிப்புறத்தில், நகம் நுழையும் அளவு வெடிப்பு. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. ஹோஸை மாற்றினேன். கார் பழையபடி இழுத்தது.

டர்போ வாங்கக் காசை எண்ணுமுன் அந்த ஹோஸையும், வேக்கம் குழாய்களையும், இரு டர்போக்களுக்கும் இடையில் திறந்து மூடும் வால்வையும் பாருங்கள். பெரிய டர்போவுக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். சின்னதை வேலை செய்ய விடுங்கள்.