கூட்டம் முடிந்த பிறகு வரும் நோட்டீஸ்: கொல்லிமலை உறுப்பினரின் ஓட்டு என்னாவது?

சோளக்காடு: சங்கத்தில் பங்குத்தொகை கட்டி, ரசீது வாங்கி, உறுப்பினர் ஆகிவிட்டால் போதுமா? கூட்டம் எப்போது, எங்கே என்று தெரிந்தால்தானே போய் கை தூக்க முடியும்? அந்தத் தகவலைச் சுமந்து வரும் தபால் மலை ஏறுவதற்குள் தேதி தாண்டிவிட்டால், போவது வெறும் கடுதாசி இல்லை. உறுப்பினரின் ஓட்டு.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசி விளைவிக்கும் மலைவாழ் விவசாயிகளுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. நிர்வாகிகள் தேர்வு போன்ற முக்கிய விஷயங்கள் பொதுக்குழுவில்தான் முடிவாகின்றன.

70 வளைவு தாண்டணும்

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் சோளக்காடு வரவேண்டும். அதோடு முடியவில்லை. மலையில் மொத்தம் 14 ஊராட்சிகள். அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு என்று சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்கு கிளை அஞ்சலகங்களில் இருந்துதான் தபால் போகவேண்டும். அங்கே வேலை பார்க்கும் கிராமிய அஞ்சல் ஊழியர்களுக்கு ஒரு நாளைக்கு 4 அல்லது 5 மணி நேரம்தான் பணி நேரம். தோட்டத்துக்குள் தனித்தனியாக வீடுகள். பல முகவரிகளில் கதவு எண் கிடையாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

மொத்தமாகப் போடும் தபாலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவசரத் தபாலான ஸ்பீடு போஸ்ட்தான் முதலில் பிரிக்கப்படும். சாதா தபாலும் அச்சிட்ட நோட்டீசும் அதற்குப் பிறகுதான். நூற்றுக்கணக்கில் ஒரே நாளில் வந்து இறங்கினால், கிளை அஞ்சலகத்தில் ஒரே ஆள் அத்தனையையும் ஒரே நாளில் கொடுத்து முடிக்க முடியுமா? சாதா தபாலுக்கு கண்காணிப்பு எண்ணும் கிடையாது. எங்கே தங்கியது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

சட்டம் சொல்லும் கணக்கு

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்றால், பொதுக்குழுவுக்கு 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. மொத்த உறுப்பினர்களில் கால் பங்கு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஏழை விவசாயிக்குச் சாதகமான விதிகள்தான்.

ஆனால் அதே கம்பெனிச் சட்ட விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. கூட்ட நோட்டீசை தபாலில் போட்டால், 48 மணி நேரம் முடிந்ததும் அது உறுப்பினர் கைக்குச் சேர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நோட்டீஸ் ஒருவருக்குக் கிடைக்காமல் போனாலும், அதை வைத்து மட்டும் கூட்டத்தின் முடிவு செல்லாது என்று சொல்ல முடியாது.

அதாவது, காகிதத்தில் தபால் இரண்டு நாளில் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததா என்பது வேறு கதை! 400 உறுப்பினர் உள்ள ஒரு கம்பெனியில் 100 பேர் கூடினால் கூட்டம் நடந்துவிடும். ரோட்டோரம் இருப்பவர்கள் வந்து முடிவெடுப்பார்கள். உள்ளே தள்ளி இருப்பவர் பேப்பரைப் பிரிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்.

செலவும் கூடிப்போச்சு

பதிவுத் தபாலில் அனுப்பலாமே என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. 2025 அக்டோபரில் வந்த புதிய கட்டணப்படி வெளியூருக்கு 50 கிராம் வரை 47 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. 400 பேருக்கு 18,800 ரூபாய் ஆகிறது. சின்னச் சங்கம் எங்கே போகும்?

மலிவாக அனுப்ப உதவிய புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் புத்தகங்களுக்கானது. நோட்டீசுக்கு உதவாது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் அஞ்சலகங்கள் புதிய கம்ப்யூட்டர் முறைக்கு மாறியபோது பல ஊர்களில் வேலை தேங்கியதும் நினைவிருக்கலாம். சட்டத்தின் 48 மணி நேரக் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை.

செல்போனில் சொன்னால் போதாதா? பலருக்குப் போதும். ஆனால் மலையின் எல்லா மூலையிலும் சிக்னல் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. வயதானவர்களுக்கு இ-மெயில் எங்கே இருக்கிறது?

என்ன செய்யலாம்?

14 நாள் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான். மலைக்கு 25, 30 நாள் முன்பே தபாலில் போட எந்தத் தடையும் இல்லை. முகவரியில் பின்கோடுடன் கிளை அஞ்சலகத்தின் பெயரையும், தந்தை அல்லது கணவர் பெயரையும் எழுதி, அஞ்சலகம் வாரியாகக் கட்டு கட்டிக் கொடுத்தால் பிரிக்கும் நேரம் மிச்சமாகும். சோளக்காடு சந்தை கூடும் நாளில் அறிவிப்பு ஒட்டி, தண்டோராவும் போட்டால் தபால் தவறினாலும் சேதி போய்ச் சேரும்.

உறுப்பினர்களும் சும்மா இருக்கக் கூடாது. தாமதமாக வந்த உறையைத் தூக்கிப் போடாமல், தபால் முத்திரைத் தேதியோடு வைத்துக்கொண்டு, அஞ்சல் துறை நடத்தும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பத்து பேர் பத்து உறையோடு போனால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தபாலில் போட்டாச்சு என்று கணக்கு காட்டுவது சுலபம். கூட்டத்துக்கு எந்தெந்த ஊரில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உள்ளடங்கிய ஊரில் இருந்து ஒரு கையெழுத்தும் இல்லை என்றால், அடுத்த கூட்டத்துக்கு முன்பே யாராவது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவதுதான் நியாயம்.