கத்தரிக்கோலைத் தொலைத்தது யார்?

"அம்மா, கத்தரிக்கோல் எங்க?" "ஏம்மா, நகவெட்டியப் பார்த்தியா?" "இந்த வீட்ல ஒரு பொருளாவது வச்ச இடத்துல இருக்கா?" லக்னோவானாலும் குவாஹாத்தியானாலும் நம்மவர் வீடுகளில் காலை எட்டு மணி சுப்ரபாதம் இதுதான். கேட்கிற ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கில் எப்போதும் தப்பான ஆளைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம் என்பது என் கட்சி. எதெல்லாம் தொலைகிறது என்று பாருங்கள். பையனின் கிரிக்கெட் மட்டை தொலையாது. ரங்கமணியின் செல்போன் தொலையாது. தொலைவதெல்லாம் பொதுச்சொத்து: கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், டார்ச், செல்லோடேப். எடுப்பது நாலு பேர், திருப்பி வைப்பது யாருமில்லை, தேடிக் கொடுப்பது ஒருத்தி. கொடுத்த பிறகு அவளுக்குக் கிடைக்கும் பட்டம், "நீதான் எங்கயாவது எடுத்து வச்சிருப்ப!"

ஊரில் முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. கரண்ட் போனாலும் பாட்டியின் கை நேராகத் தீப்பெட்டிக்குப் போகும். நமக்கு அப்படியா? மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல், ஒரு புது அடுக்களை. ஒரு வீட்டில் பரண் உண்டு, அடுத்ததில் கிடையாது. முறுக்கு நாழி ஒரு பெட்டியிலும் அதன் வில்லைகள் வேறு பெட்டியிலும் வந்து சேரும். வில்லை தொலைந்தால் போச்சு. வடக்கே சேவ் பிழியும் அச்சு கடைக்குக் கடை தொங்கும், ஆனால் அதன் வில்லை நம் பித்தளை நாழியில் உட்காராது. எனக்குப் புது ஊரில் மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் தயாராக இருக்கும். தங்கமணிதான் முதலிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டும்.

வங்கியில் நாங்கள் யாருடைய ஞாபகத்தையும் நம்புவதில்லை. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். ஒருவர் லீவில் போனால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கைமாறும். மாற்றுச் சாவி வேறொரு கிளையில் இருக்கும். வீட்டிலோ எல்லாம் ஒரே தலைக்குள். அந்தத் தலைக்கு லீவும் இல்லை, பதில் ஆளும் இல்லை. அவள் அம்மாவின் ஆபரேஷனுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகட்டும், அப்போது தெரியும்.

இதைவிட மோசமானது இதன் மறுபக்கம். சமையலறை அவள் தலைக்குள் என்றால் பத்திரங்கள் எல்லாம் அவர் தலைக்குள். சில வருஷம் முன் ஒரு அம்மா வந்தார். கணவர் தவறி இரண்டு மாதம். லாக்கர் இருப்பது தெரியும், எந்தக் கிளை என்று தெரியாது. பாஸ்புக்கைப் புரட்டி, வருஷ வாடகை பிடித்த வரியைப் பார்த்துக் கிளையைக் கண்டுபிடித்தோம். சாவிதான் கிடைக்கவில்லை. பலர் நினைப்பது போல வாடிக்கையாளர் சாவிக்கு வங்கியிடம் நகல் கிடையாது. லாக்கர் கம்பெனி ஆள் வந்து, அவர் முன்னிலையில் பூட்டை உடைத்தார். செலவும் அவருடையதுதான். பத்து நாள் கழித்துச் சாவி கிடைத்தது, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். "இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே சார்" என்றார். பணம் போனதை விட அதுதான் அவருக்கு வலித்தது.

டெபாசிட்டும் அப்படித்தான். பத்து வருஷம் யாரும் கேட்காமல் கிடந்தால் ரிசர்வ் வங்கி 2014ல் தொடங்கிய நிதிக்குப் போய்விடும். அதன் பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். அப்படிக் கிடக்கும் பணத்தைப் பெயர் போட்டுத் தேட 2023ல் 'உத்கம்' என்று ஒரு தளமும் வந்தாச்சு. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். எல்லாம் சரி, கணக்கு இருப்பதே தெரியாதவர் எங்கே போய்க் கேட்பார்?

எங்கள் வீட்டில் இப்போது பொதுச்சொத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அம்மா எதற்கும் பொறுப்பாளர் கிடையாது என்பது ஒன்றே விதி. கத்தரிக்கோல் பையனுடையது, தெர்மாமீட்டர் என்னுடையது. காணவில்லையா, அவரவர் எழுந்து தேட வேண்டியதுதான். (முதல் வாரம் வீடு சந்தைக்கடையாக இருந்தது, அது வேறு கதை.) கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த வங்கி, எந்தக் கிளை, லாக்கர் எண், சாவி இருக்கும் இடம், பாலிசி, நாமினி எல்லாம் அதில். பாஸ்வேர்டு மட்டும் கிடையாது. பெண்தான் எழுதினாள். வடக்கே வளர்ந்த பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும் என்பதால் பக்கத்திலேயே இங்கிலீஷிலும் உண்டு.

வங்கி வழக்கப்படி ஒரு நகல் 'வேறு கிளையில்' இருக்கட்டும் என்று கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று போன வாரம் கேட்டேன்.

"அவதான் எங்கயோ எடுத்து வச்சிருக்கா அண்ணா. கேட்டுச் சொல்றேன்" என்றான்.