பிப்ரவரியைப் பிடிச்ச பசங்க!

கல்ச்சுரல்ஸ்னா நமக்கு என்ன பாஸ்? பாட்டு, டான்ஸ், கலர் டி-ஷர்ட்! அமெரிக்காவின் ஓஹையோ மாகாணம், கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டியின் கறுப்பின மாணவர்கள் அதுக்கும் மேல போனாங்க.

'பிளாக் யுனைடெட் ஸ்டூடன்ட்ஸ்' என்ற அவர்களின் அமைப்பு, கறுப்பின ஆசிரியர்களோடு சேர்ந்து 1969 பிப்ரவரியில் ஒரு கோரிக்கை வெச்சது. வரலாற்று ஆய்வாளர் கார்ட்டர் உட்சன் 1926-ல் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம் பத்தாது. மாசம் முழுக்க வேணும்! நாடே சொல்லட்டும்னு காத்திருக்கலை. 1970-லேயே கொண்டாடிட்டாங்க. அதிபர் ஃபோர்டு அங்கீகரிச்சது 1976-ல்தான். ஆறு வருஷம் முந்திக்கிச்சு ஒரு கேம்பஸ்!

அடுத்த கல்ச்சுரல்ஸ் மீட்டிங்ல டி-ஷர்ட் கலருக்குச் சண்டை போடறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் யோசிங்க... உங்க காலேஜ் மேடையில இதுவரைக்கும் யாரோட கதை வரவே இல்லை?